காட்டுமாடு வரவில்லையா, கேமரா பார்க்கவில்லையா?

ஐப்பசியில் ஒரு நாள், ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், விலங்கு கடந்தால் தானாகப் படம் எடுக்கும் தம் தானியங்கி கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டு சேலத்துக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒன்பது இரவுகளில் விழுந்த படங்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெறும் வெள்ளை. ஏற்கெனவே ஒரு முறை கடையில் கொடுத்து வேறு கேமரா மாற்றி வாங்கியிருந்தார். அதிலும் அதே வெள்ளை. இரண்டுமே மட்டமான சரக்கு என்பது அவர் முடிவு. படங்களைக் கணினியில் போட்டு, ஓரத்தில் பதிவாகியிருந்த நேரத்தை மட்டும் வரிசையாகப் படித்தோம். இரவு ஏழு மணிப் படம் தெளிவு. பத்து மணிக்கும் தெளிவு. நள்ளிரவு தாண்டியதும் வெள்ளை. காலை எட்டரைக்கு மறுபடியும் தெளிவு. பழுதான கேமரா மணி பார்த்துப் பழுதாகாது. அந்த நேரத்தில் தோட்டத்துக்குள் வந்து தங்கிவிட்டுப் போனது பனிமூட்டம்.

படம் வெளுத்ததைவிட அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னை உறுத்தியது. "எப்படியும் மாடு வரவில்லை. வந்திருந்தால் ஒரு படத்திலாவது தெரிந்திருக்குமே" என்றார்.

பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் விடிந்தும் விடியாததுமாகப் பெண்கள் கேமரா கட்டியிருந்த அந்தத் தடத்தில்தான் நடந்து போவார்கள். வளர்ந்த ஆண் காட்டுமாடு ஆயிரம் கிலோ எடையை எட்டக்கூடியது. ஏற்காட்டில் பலரும் காட்டெருமை என்று சொல்வது இதைத்தான். காப்பிச் செடி வரிசைக்குள் பத்தடியில் அது நின்றாலும் பனியில் தெரியாது. எந்த மணிக்கு அது தடத்தைக் கடக்கிறது என்று அறியத்தான் அவர் கேமரா கட்டினார். கேமரா பார்க்கத் தவறியதை 'மாடு வரவில்லை' என்று எடுத்துக்கொண்டால், கேமராவே இல்லாமல் இருப்பதைவிட அது ஆபத்து. அதனால்தான், மோசமான படம் எதையும் அழிப்பதற்கு முன்னால் அது ஏன் மோசமானது என்று படித்துப் பாருங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சேர்வராயன் மலையில் அதற்கான காரணம் பெட்டிக்குள் இருப்பது குறைவு. பெரும்பாலும் மலையில்தான் இருக்கிறது.

இந்தக் கேமராவில் காவல் காக்கும் கண் ஒன்று, படம் எடுக்கும் கண் வேறொன்று. லென்ஸுக்குக் கீழே பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். அதன் பின்னால் இருக்கும் வெப்ப சென்சார் உருவம் எதையும் பார்ப்பதில்லை. எதிரே உள்ள இடத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு வெப்பம் நகர்கிறதா என்று மட்டும் கவனிக்கிறது. பின்புலத்தைவிடச் சூடான, அல்லது குளிர்ந்த ஒன்று குறுக்கே போனால் கேமராவை எழுப்பிவிடும். 1920-களில் வட இந்தியாவின் குமாவோன் காடுகளில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, புலியின் கால் அதில் பட்டதும் ஃபிளாஷ் அடிக்கும்படி செய்து இரவுப் படங்கள் எடுத்தார். அந்தக் கம்பி இழுபட்டால் ஏதோ ஒன்று தொட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். இன்றைய சென்சார் எதையும் தொடுவதில்லை. வெப்ப வித்தியாசத்தை வைத்து ஊகிக்கிறது. அந்த வித்தியாசத்தைக் குலைக்கும் எல்லாமே அதன் ஊகத்தையும் குலைக்கும்.

வெள்ளைப் படத்துக்கு வருவோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனி இறங்கிய இரவில் அங்கே வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: முன்விளக்கைத் தூக்கிப் போட்டால் சாலை மறைந்து, கண்ணுக்கு நேரே ஒரு வெள்ளைத் திரை நிற்கும். விளக்கைத் தாழ்த்தினால்தான் சில அடி தூரமாவது புலப்படும். கேமராவின் அகச்சிவப்பு விளக்கும் இதே பாட்டைத்தான் படுகிறது. லென்ஸுக்கு ஒட்டினாற்போல விளக்கு இருப்பதால், முன்னால் மிதக்கும் கோடிக்கணக்கான நீர்த்துளிகள் ஒளியை அப்படியே லென்ஸுக்குத் திருப்பி அனுப்புகின்றன. விலங்கைச் சென்று சேர்ந்து திரும்பும் ஒளி, இந்த வெளிச்சத்துக்குள் மூழ்கிவிடுகிறது. வெளிச்சம் போதவில்லை என்று விளக்கின் அளவைக் கூட்டினால் திரை இன்னும் தடிக்கும். குறைக்க வேண்டும், கேமராவையும் தடத்துக்கு அருகில் கொண்டுவர வேண்டும். பத்து மீட்டர் தள்ளிக் கட்டியதை மூன்று, நான்கு மீட்டருக்குக் கொண்டுவந்தால், நடுவில் இருக்கும் துளிகள் குறைந்து, மங்கலாகவேனும் உருவம் கிடைக்கும். அடர்ந்த பனியை முழுதாக வெல்ல எந்த விலையுயர்ந்த கேமராவாலும் முடியாது.

பனி செய்யும் இன்னொரு வேலை படத்தில் தெரியாது, ஏனென்றால் படமே விழாது. விலங்கின் உடலிலிருந்து வரும் வெப்பக் கதிரையும் நீர்த்துளிகள் விழுங்கிவிடுகின்றன. மழையில் நனைந்த தோலும் சுற்றியுள்ள ஈர மண்ணின் சூட்டுக்கு நெருங்கிவிடுகிறது. ஆகவே கனத்த பனி இரவில் சென்சார் பாதிக் குருடு. புரட்டாசியிலிருந்து மார்கழி வரை மலையில் எடுத்த படங்களை எண்ணி, மாசி, பங்குனியைவிடக் குறைவாக இருக்கிறது, மாடுகள் கீழே இறங்கிவிட்டன என்று முடிவு கட்டுவதை இரண்டு மூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன். மாடு இறங்கியிருக்கலாம், இறங்காமலும் இருக்கலாம். எண்ணிக்கை அதைச் சொல்லாது.

பனிமூட்டத்தையும் லென்ஸில் படியும் ஈரத்தையும் பலர் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். பிரித்தறிவது எளிது. மூடுபனியின் வெள்ளை, படம் முழுக்க ஒரே சீராக, இரவில் மட்டும் இருக்கும். அதே பனியில் பகலில் எடுத்த படம் சாம்பல் நிறமாக மங்கியிருந்தாலும் பக்கத்து மரமாவது தெரியும். லென்ஸின் வெளிப்புறத்தில் பனித்துளி படிந்தால் விடியற்காலைப் படங்கள் நடுவில் மங்கி, வெயில் ஏறியதும் தானாகத் தெளியும். மூன்றாவது வகைதான் தொல்லை: இரவும் பகலும், நாள் கணக்கில், புகை படிந்த கண்ணாடி வழியே பார்ப்பது போன்ற படம். ஈரம் பெட்டிக்குள் புகுந்துவிட்டது என்று பொருள்.

இந்த மூன்றாவது வகைக்கு நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். தோட்டம் மலையிலும் வீடு சேலத்திலும் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டரி மாற்றி, மழைக்கால மாலையின் 30 டிகிரி ஈரக் காற்றை உள்ளே வைத்து ரப்பர் விளிம்பு இறுக மூடுகிறார்கள். மேலே 15 டிகிரி இரவில் அந்தக் காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. குளிர்ந்த லென்ஸின் உட்புறத்தில் நீராக விட்டுவிடும். மூடி எவ்வளவு நன்றாக இறுகியிருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த நீர் வெளியேற வழியில்லை. மழைக்காலத்தில் மூடியைத் திறக்கும் வேலையை வெயில் அடிக்கும் நடுப்பகலில், மலையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. புதிய செருப்புப் பெட்டிக்குள் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போட்டு, மாதம் ஒரு முறை மாற்றினால் போதும். பனி இறங்கியிருக்கும் நேரத்தில் அங்கேயே நின்று கார்டு மாற்றுவது, மேகத்தையே பிடித்துப் பெட்டிக்குள் அடைப்பதற்குச் சமம்.

பனி இல்லாத இரவிலும் வெள்ளை விழுகிறதே என்பவர்கள் படத்தின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். அங்கே ஓர் இலை பளீரென்று எரிந்துகொண்டிருக்கும். பச்சை இலை நம் கண்ணுக்குத்தான் இருண்டது. அகச்சிவப்பு ஒளியில் ஏறக்குறைய பாதியைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பொருள் அது. காப்பி இலையோ மெழுகு பூசியது போன்ற மினுமினுப்பு உள்ளது. சில்வர் ஓக் மரத்தில் கேமராவைக் கட்டினால், அதே மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியின் இலை ஒன்று நீட்டிக்கொண்டு விளக்கின் முன்னால் ஆடும். ஒரு கை அகல இலை போதும். அதன் வெளிச்சத்தைப் பார்த்துக் கேமரா தான் வாங்கும் ஒளியின் அளவைச் சுருக்கிக்கொள்ள, பின்னால் நிற்கும் மாடு கரிய நிழலாகிவிடும். இலை சற்றுத் தள்ளி இருந்தால் இலை வெள்ளையாகவும் காடு கறுப்பாகவும் விழும். மிக அருகில் இருந்தால் முழுப் படமும் வெளுக்கும். கட்டும்போது முன்னால் இரண்டு மீட்டருக்கு எதுவும் நீட்டிக்கொண்டிருக்காமல் கிள்ளிவிட்டு வந்தாலும், மழைக்காலத்தில் கொடி மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிடும். பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் கிள்ள வேண்டியதுதான்.

சிலந்தியும் இதே கணக்கில் சேரும். விளக்குக்குப் பூச்சி வருகிறதோ இல்லையோ, பெட்டியின் விளிம்பு வலை பின்ன வாகானது. ஓர் இழை லென்ஸின் குறுக்கே போனால் இரவுப் படத்தில் தடித்த வெண்கோடு. மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் தீர்ந்தது. கொசு விரட்டும் களிம்பு தடவிய கையால் மட்டும் லென்ஸைத் தொடாதீர்கள். அதில் உள்ள ரசாயனம் பிளாஸ்டிக்கை அரிக்கும்.

இனி ஆளில்லாத படங்கள், அதாவது விலங்கே இல்லாத படங்கள். ஒரு வாரத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் படம் விழுந்து, புரட்டிப் புரட்டிக் கை ஓய்ந்து, எல்லாமே வெறும் புல்லாக இருப்பதைப் பார்த்த சலிப்பை நான் நன்றாக அறிவேன். இந்தச் சலிப்பு எல்லோருக்கும் உள்ளதுதான். 2018-ஆம் ஆண்டு அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து 3,48,58,623 படங்கள் எடுத்தார்கள். அவற்றில் புலி இருந்தவை 76,651. ஆயிரத்துக்கு இரண்டைத் தாண்டிச் சற்றே. கின்னஸ் உலக சாதனையாகப் பதிவான கணக்கு இது.

தோட்டத்தில் வெற்றுப் படம் பெருகுவதற்கு நான் கண்ட முதல் காரணம் மரம். சில்வர் ஓக் நெடுநெடுவென்று வளரும், தண்டு ஒல்லி. காற்று அடித்தால் மரமே அசையும், மரத்தோடு கேமரா அசையும், கேமராவின் பார்வையில் காடு முழுவதும் நகரும். வெயிலில் காய்ந்த பாறையும் நிழலும் கலந்த பின்புலம் என்றால் சென்சாருக்கு அது சூடான ஏதோ ஒன்று ஓடுவது போலத்தான். அதே தோட்டத்தில் பலா மரம் இருந்தால் அதன் அடிமரத்தில் கட்டுங்கள். இல்லாவிட்டால் இரும்புக் குழாய் ஒன்றை ஊன்றிவிடலாம். முன்னால் உள்ள புல்லையும் பெரணியையும் சீராக வெட்ட வேண்டும். சூடேறிய புல் ஆடுவதும் முயல் ஓடுவதும் சென்சாருக்கு ஒன்றுதான்.

எந்தத் திசை பார்த்துக் கட்டுவது? கேமராவோடு வரும் கையேடுகள் பல, வடக்கு நோக்கி வையுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடும். குளிர்நாடுகளில் சூரியன் எப்போதும் தெற்கு வானத்தில் போவதால் எழுதிய வரி அது. ஏற்காடு வடக்கே சுமார் 11.8 டிகிரியில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்துக்குப் பின் ஆவணித் தொடக்கம் வரை நம் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகிறது. இருந்தாலும் நண்பகல் சூரியன் தலைக்கு மேலே உயரத்தில் இருப்பதால் வடக்கோ தெற்கோ பெரிய சேதமில்லை. நமக்குப் பகை கிழக்கும் மேற்கும். அதிலும் ஆனி மாதத்தில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து இருபது டிகிரிக்கு மேல் வடக்கே தள்ளி உதிக்கும் என்பதால், வடகிழக்கு நோக்கிய கேமராவும் காலை வெயிலை நேராக வாங்கும். மலைச்சரிவில் இதற்கு ஒரு துணை உண்டு: சரிவின் மேல்பக்கத்தைப் பார்த்துக் கட்டினால் மண்ணே பின்புலமாகிவிடும், வானம் லென்ஸில் விழாது.

மலையில் பனி செய்வதை அடிவாரத்தில் வெயில் செய்கிறது. குரும்பப்பட்டி பக்கத்துப் புதர்க்காட்டை ஒட்டிய வயலில் சித்திரை, வைகாசியில் கேமரா கட்டியவர்களுக்கு இரவில் முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் கிடைக்கும், பகலில் கீரிகூடக் கிடைக்காது. சென்சாருக்கு வேண்டியது வித்தியாசம் என்று முன்பே சொன்னேன். காற்று 38, 39 டிகிரியில் நிற்கும்போது விலங்கின் தோலும் எதிரே உள்ள மண்ணும் கிட்டத்தட்ட ஒரே சூடு. விலங்கு நடந்து போகும், சென்சார் பார்த்துக்கொண்டே சும்மா இருக்கும். அமைப்பில் சென்சாரின் கூர்மையைக் கூட்டும் வசதி இருந்தால் கோடையில் கூட்டி, மார்கழியில் குறைப்பது வழக்கம். பகல் பதினொன்று முதல் நான்கு வரை சென்சாரை நம்பாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாகப் படம் எடுக்கும்படி வைத்துவிடுவது இன்னும் உத்தமம். நீர்த்தொட்டி ஓரத்தில் இது நன்றாகப் பயன்படுகிறது.

பகல் படம் அழகாகவும் இரவுப் படம் கும்மிருட்டாகவும் விழுந்தால், முதலில் பேட்டரி. பகலில் கேமராவுக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும். இரவில் பல அகச்சிவப்பு விளக்குகளும் ஒரே கணத்தில் எரிய வேண்டும். அந்தக் கணத்தில் தளர்ந்த பேட்டரியின் அழுத்தம் சரிந்துவிடும். பெட்டிக் கடையில் சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் மலிவு பேட்டரி இந்த இழுப்பைத் தாங்காது. அல்கலைன் வகை முதலில் நன்றாக இருந்து படிப்படியாக இறங்கும். லித்தியம் விலை அதிகம். ஆனால் கடைசி வரை ஒரே நிலையில் நிற்கும். பாதி பழையது, பாதி புதியது என்று கலந்து போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பேட்டரி புதிது, இருட்டு மட்டும் போகவில்லை என்றால், இரவில் கேமராவின் முன் கையை ஆட்டி, எதிரே கைப்பேசியின் முன்பக்கக் கேமராவைப் பிடியுங்கள். விளக்கு எரிந்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் ஊதா கலந்த வெள்ளையாகத் தெரியும். எரிகிறது, ஆனாலும் படம் இருட்டு என்றால், லென்ஸுக்குள் பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் சிறு வடிகட்டித் தகடு இரவில் விலகாமல் சிக்கியிருக்கிறது. எதிர்ப்பக்கமாகச் சிக்கினால் பகல் படத்தில் பச்சை இலையெல்லாம் இளஞ்சிவப்பாக மாறும். அதைத்தான் உண்மையான பழுது என்பேன், கடைக்குக் கொண்டுபோகலாம்.

விளக்கின் வகையும் இருட்டுக்குக் காரணமாகலாம். 850 நானோமீட்டர் விளக்கு எரியும்போது மங்கிய சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியும். எட்டும் தூரம் அதிகம். 940 நானோமீட்டர் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கேமராவுக்கும் அந்த ஒளி குறைவாகத்தான் தெரியும். தூரம் சுருங்கும், படம் மணல் மணலாக விழும், கேமரா ஒளிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நடக்கிற கால்கள் இழுபட்டு மங்கும். திருட்டுப் பயம் இல்லாத தோட்டத்துக்கு முதல் வகையே போதும்.

பாதி உடல், வால் நுனி மட்டும், அல்லது புழுதி மட்டும் விழுவது தாமதத்தால். சென்சார் எழுப்பி, கேமரா விழித்து, படம் எடுக்க அரை வினாடியோ ஒரு வினாடியோ ஆகிறது. குறுக்கே ஓடும் பன்றிக்கு அது தாராளம். தடத்துக்குச் செங்குத்தாகக் கட்டாமல் சாய்வாகப் பார்க்கும்படி கட்டினால் விலங்கு படச் சட்டத்துக்குள் அதிக நேரம் இருக்கும். நேர் எதிரே வரும்படி கட்டிவிடாதீர்கள், பட்டைகளைக் கடக்காத வெப்பத்தை சென்சார் தாமதமாகவே உணரும். ஒரு தடவைக்கு மூன்று படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம், மாட்டுக்கு இடுப்பளவு, முள்ளம்பன்றிக்கும் மரநாய்க்கும் முழங்கால் அளவு.

மெமரி கார்டைப் பற்றிச் சுருக்கமாக: பழைய கேமராக்கள் பல 32 ஜிபிக்கு மேல் ஏற்காது, கார்டைக் கணினியில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மட் செய்ய வேண்டும், கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வெட்டுப்பட்ட படம் வந்தால் கார்டுதான் போகிறது. பெட்டியின் மேல் 48 மெகாபிக்சல் என்று போட்டிருப்பதை நம்பி அந்த அளவில் வைக்காதீர்கள். பல கேமராக்களில் உள்ளே இருப்பது அதைவிடச் சிறிய படச் சென்சார்தான். மீதியைக் கணக்குப் போட்டு ஊதிப் பெரிதாக்குகிறார்கள். கார்டு நிறைவதைத் தவிர அதனால் லாபமில்லை.

நேரத்தைப் பற்றி மட்டும் சுருக்க மாட்டேன். பேட்டரியைக் கழற்றியதும் சில கேமராக்களில் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும்; காலை, மாலை மாறிப் பதிவாவதும் உண்டு. மாடு மாலை ஐந்தே முக்காலுக்குக் கடந்ததைக் காலை ஐந்தே முக்கால் என்று படித்தால், யாரை எந்த நேரத்தில் அந்தத் தடத்தில் போக வேண்டாம் என்று சொல்வீர்கள்? வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று படத்தையே பார்த்துச் சரிபார்க்கலாம். அதைவிட எளிது, கேமராவை விட்டுக் கிளம்பும்போது கைப்பேசியில் மணியைக் காட்டி முதல் படமாக ஒன்று எடுத்துவிடுவது. பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் கேட்டு வனத்துறையிடம் போகும்போதும் சரியான தேதியுள்ள படம் பேச்சுக்கு வலு சேர்க்கும். கேமராவைச் சொந்தப் பட்டா நிலத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டத்துக்குள்ளேயும், பெண்கள் ஒதுங்கும் ஓடைப் பக்கம் திருப்பி வைக்காதீர்கள். கேமரா எங்கே இருக்கிறது என்று வேலை செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நாகலூர் நண்பர் கேமராவை அடுத்த நாளே திரும்பக் கொண்டுபோய், தடத்திலிருந்து மூன்று மீட்டரில் ஒரு பலா மரத்தில் கட்டினார். கார்த்திகைக் கடைசியில் நான் போனபோது நோட்டுப் புத்தகம் ஒன்றைக் காட்டினார். பக்கத்துக்கு ஒரு வாரம். தெளிந்த இரவுகளுக்கு எதிரே விலங்கின் பெயரும் மணியும்: காட்டுப்பன்றி, மரநாய், மரநாய், முயல். ஓர் இரவில் 4.50-க்கு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போன்ற நான்கு கால்கள் மட்டும் பனிக்குள் தெரியும் படம். அதற்கு நேரே 'மாடு' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். வெளுத்த இரவுகளுக்கு நேரே 'பனி' என்று மட்டும் எழுதியிருந்தார். அப்படி எழுதிய இரவுக்கு அடுத்த காலைகளில், பறிக்கப் போகிறவர்கள் எட்டு மணிக்கு மேல், மேலே சுற்றிப்போகும் வண்டிப்பாதை வழியாகப் போகிறார்கள்.